வலிக்காத இடத்தைப் பார்ப்பது

ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் தங்கள் உடம்பின் கணக்கை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, மூன்று மாத சராசரி என்ன, பிரஷர் மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எல்லாம் புள்ளி சுத்தமாக வரும். நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களின் பேச்சில் பாதி இதுதான். இன்றைக்கு எத்தனை சுற்று நடந்தேன் என்பதும் அந்தப் பேச்சில் உண்டு. அத்தனை சுற்றையும் நடந்து கொடுத்த உள்ளங்காலைக் கடைசியாக எப்போது திருப்பிப் பார்த்தீர்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. இதை வெறும் மறதி என்று தள்ளிவிட முடியாது. இதற்குப் பின்னால் ஒரு கொள்கையே இருக்கிறது: 'வலிச்சா பாத்துக்கலாம்.' பல்லிலிருந்து பெற்றோர் வரை நாம் பலவற்றை இந்தக் கொள்கைப்படிதான் நடத்துகிறோம். முறையிடாத எதையும் கவனிக்க வேண்டியதில்லை என்ற இந்த நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பாதம் காட்டுகிற அளவுக்குத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது. தினமும் பாதத்தைப் பார்ப்பதும் கழுவுவதும் துடைப்பதும் அழகுக்கான வேலை என்று நினைக்கிறவர்களுக்கு, அது அறிவுக்கான வேலை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கொள்கையை உடைத்த ஆராய்ச்சி நம் பக்கத்திலேயே, வேலூரில் நடந்தது. 1914இல் ஒரு மிஷனரித் தம்பதிக்குப் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட், 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி உதிர்ந்துவிடும் என்றுதான் அப்போது மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்ட் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். சூடான பாத்திரம், செருப்பில் ஏறிய ஆணி, இறுக்கமான வார் என்று ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து ஒரு காரணம் கிடைத்தது. ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அதற்கும் விடை கிடைத்தது: தூக்கத்தில் எலி கடித்திருக்கிறது, உணர்ச்சியற்ற விரல் என்பதால் அவர் விழித்துக்கொள்ளவில்லை. அதன்பின் நோயாளிகளுக்கு மருந்தோடு பூனையும் கொடுத்தார்கள். நோய் எடுத்துக்கொண்டது வலியை மட்டும்தான். வலி போனபின் அன்றாட வாழ்க்கையே விரல்களைத் தின்றது. 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், சர்க்கரை நோயாளிகளின் காலிலும் இதே வகைப் புண்ணைக் கண்டார். இரண்டு நோய்க்கும் கிருமி அளவில் தொடர்பே கிடையாது. ஆனால் மரத்துப்போன கால் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். வலி செய்துவந்த வேலையை இனிக் கண் செய்ய வேண்டும், தினமும் செய்ய வேண்டும் என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. இன்று சென்னைக் கடைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பைத் தொழுநோயாளிகளின் காலுக்குப் பழக்கியதிலும் பிராண்டின் குழுவுக்குப் பங்கு உண்டு.

தொழுநோய் குறைந்துவிட்டது. மரத்த கால்கள் குறையவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு சென்னை நிறுவனம் ஒன்று முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். இந்த நகரத்துக்கு இது புதிய செய்தியும் இல்லை. பேராசிரியர் எம்.விசுவநாதன் ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் அவர் தொடங்கிய பொது மருத்துவமனை பின்னால் சர்க்கரை நோய்க்கென்றே ஆனது. ஆக, முக்கால் நூற்றாண்டாக இந்த நோயோடு சென்னை பழகி வருகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால் நரம்புகள் கெடுகின்றன. முதுகின் அடியிலிருந்து கால்விரல் நுனிவரை ஓடும் நரம்புகளே உடம்பில் மிக நீளமானவை என்பதால் முதல் அடி அங்கேதான் விழுகிறது. சிலருக்கு எரிச்சல், குத்தல், மதமதப்பு என்று அறிகுறி தெரியும். பலருக்கு எதுவும் தெரியாது. உணர்ச்சி நரம்போடு வியர்வையை ஆளும் நரம்பும் கெடும்போது தோல் காய்ந்து குதிகால் வெடிக்கிறது. தசையை ஆளும் நரம்பு கெடும்போது விரல்கள் வளைந்து, பாதத்தில் அதுவரை எடை தாங்காத இடங்கள் எடை தாங்கத் தொடங்குகின்றன. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னக் கீறல்கூட ஆற மறுக்கிறது. சர்க்கரை நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒருமுறை பாதப்புண் வருகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. நோயால் கால் எடுக்க நேர்ந்தவர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு அது ஒரு புண்ணில்தான் தொடங்கியது என்றும் சொல்கின்றன. அறுவை அரங்கு வரை போன பயணம், குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் ஒரு கொப்புளத்தில் ஆரம்பித்திருக்கிறது.

உணர்ச்சி இருக்கிறதா என்பதைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் கருவி மிக எளியது. ஒரு கைப்பிடியில் செருகிய நைலான் இழை, அவ்வளவுதான். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு அந்த இழையின் நுனியைக் கட்டைவிரலின் அடியிலும் முன்பாதத்து மேட்டிலும் வைத்து அழுத்துவார்கள். 10 கிராம் விசை வந்ததும் இழை வளைந்துவிடும். அதற்கு மேல் அழுத்த முடியாது. தொட்டது தெரிந்தால் 'தெரியுது' என்று சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை. கண்ணைத் திறந்து, வளைந்து நிற்கும் இழையைத் தன் காலிலேயே பார்க்கும்போதுதான் நம்புகிறார்கள். பத்து கிராம் தெரியாத பாதத்துக்குச் செருப்புக்குள் விழுந்த சரளைக்கல்லும் தெரியாது, வெந்நீரின் சூடும் தெரியாது. காலை வெந்நீரில் வைத்துச் சூடு பார்க்கக் கூடாது, முழங்கையை வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். செருப்பையோ ஷூவையோ உதறி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்த பின்பே போட வேண்டும் என்பதும் இதனால்தான்.

சர்க்கரை இல்லாதவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. யானைக்கால் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்கிய சாக்கடைத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுதான் நம் ஊரில் அதைப் பரப்புகிறது. வீங்கிய கால் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஆனால் நோயாளியை அடிக்கடி படுக்கையில் தள்ளும் காய்ச்சலும் நெறிகட்டும் வேறு வழியில் வருபவை. கால்விரல் இடுக்கிலும் தோல் வெடிப்பிலும் புகும் சாதாரண பாக்டீரியாக்கள் அவற்றைக் கொண்டுவருகின்றன. ஒவ்வொரு காய்ச்சலும் வீக்கத்தைக் கூட்டிவிட்டுப் போகிறது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, காலை உயர்த்தி வைத்தாலே காய்ச்சல் வெகுவாகக் குறைகிறது என்பதைப் பிரேசிலின் ரெசிஃபி நகரில் மருத்துவர் ஜெரூசா டிரையர் குழுவினர் காட்டினார்கள். இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் அதையே. விலை உயர்ந்த மருந்து எதுவும் செய்யாத வேலையை ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு, ஒரு பழைய பருத்தித் துண்டு மூன்றும் சேர்ந்து செய்கின்றன. மூன்றும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. அன்றாடம் செய்வது என்ற நான்காவது பொருள்தான் பெரும்பாலும் இருப்பதில்லை.

சென்னைப் பாதம் ஒரு நாளில் எதையெல்லாம் கடக்கிறது என்று பார்த்தால் இந்த அன்றாடத்தின் அவசியம் விளங்கும். ஐப்பசி மழைநாள் என்று வைத்துக்கொள்வோம். குளியலறையின் ஈரத் தரையில் தொடங்கி, ஹவாய் செருப்போடு டி.டி.கே. சாலையின் பெயர்ந்த நடைபாதைக் கற்களைத் தாண்டி, சீத்தம்மாள் காலனிப் பக்கம் கணுக்கால் அளவு நிற்கும் தண்ணீரில் இறங்கி ஏறி, அந்த ஈரத்தோடு ஆபீஸ் ஏசியில் எட்டு மணி நேரம். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருந்தால் காலில் உள்ள கீறல்தான் அதற்கு வாசல். இவ்வளவும் நடந்தபின் வீட்டு வாசலில் காலைக் கழுவுகிறோம் என்பது உண்மை. ஆனால் எப்படிக் கழுவுகிறோம்? குழாயைத் திறந்து ஒரு காலின்மேல் இன்னொரு காலைத் தேய்த்து, கால்மிதியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போகிறோம். நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே துண்டு போவதே இல்லை. சேற்றுப்புண் பெரும்பாலும் தொடங்கும் இடம் அந்த இடுக்குதான். விரலைப் பிரித்துப் பார்த்தால் தோல் ஊறி வெளுத்து, ஓரத்தில் கோடு போல் வெடித்திருக்கும். பெண்களுக்கு மெட்டியின் அடியில் சோப்பும் ஈரமும் தங்கும். கால் வீங்கும் வயதில் அதே மெட்டி விரலை இறுக்கும். எண்ணெயோ கிரீமோ குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும்தான், இடுக்குக்குக் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தைத் தோண்டினால் நகச்சுற்று. கால் ஆணியை பிளேடால் செதுக்குவதும், மருந்துக் கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டுவதும் மரத்த காலுக்கு ஆபத்து. அந்தப் பட்டையில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். மொத்தத்தில் இரண்டு மூன்று நிமிட வேலை. இவ்வளவு சிறியதாக இருப்பதாலேயே இதை மதிக்காமல் விடுகிறோம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். நம் தாத்தாக்கள் செருப்பில்லாமல் வயலிலும் வரப்பிலும் நடந்தார்கள், அவர்களுக்கு என்ன வந்துவிட்டது? நிறைய வந்தது என்பதே வரலாறு சொல்லும் பதில். மதுரை மருந்தகத்தில் ஜான் கில் என்ற மருத்துவர் 1842இல் பதிவு செய்த ஒரு பாத நோய் இன்றுவரை உலக மருத்துவப் புத்தகங்களில் 'மதுரைக் கால்' என்ற பெயரிலேயே வழங்குகிறது. வெறுங்காலில் முள் குத்திய இடத்தில் மண்ணிலுள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்து, வலி அதிகமில்லாமல் ஆண்டுக்கணக்கில் வீங்கி, கடைசியில் எலும்பையே அரிக்கும் நோய் அது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த விவசாயிகளும் வலிக்கவில்லை என்றுதான் விட்டிருப்பார்கள். மறுப்பில் ஒரு பாதி உண்மை இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெறுங்காலில் வளர்ந்த பாதம் விரல் பரந்து உறுதியாக இருக்கும். அதைக் குறுகிய ஷூவுக்குள் திணித்துத்தான் பாதித் தொல்லைகளை வரவழைத்தோம். அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021-22இல் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம் பாதங்கள் அகலமானவை என்று கண்டு, இந்தியர்களுக்கென்று தனி அளவு முறையே வேண்டும் என்றது. இத்தனை காலம் இன்னொருவர் காலுக்கு எடுத்த அளவில் செருப்பு வாங்கியிருக்கிறோம். ஆகவே தாத்தாவின் பாதத்தைப் புகழ்கிறவர் செய்ய வேண்டியது செருப்பைத் துறப்பது இல்லை. கால் சற்று உப்பியிருக்கும் சாயங்காலத்தில் கடைக்குப் போய், விரல்கள் அசைய இடமுள்ள செருப்பாகப் பார்த்து வாங்குவது.

அடுத்த மறுப்பு பக்தியிலிருந்து வருகிறது. கபாலீசுவரர் கோயிலுக்குச் செருப்போடு போக முடியுமா, பழனிக்கு ஷூ போட்டு நடந்தால் அது பாதயாத்திரையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சித்திரை மாத மத்தியான வெயிலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் நல்ல கால் உள்ளவர் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுகிறார். மரத்த கால் உள்ளவரோ நிதானமாக மூன்று சுற்று சுற்றுகிறார். பார்க்கிறவர்களுக்கு அது பக்தியின் உறுதியாகத் தெரியும். வீட்டுக்கு வந்தபின் உள்ளங்காலில் எழுந்திருக்கும் கொப்புளத்தை அவர் பார்க்காவிட்டால் அடுத்த வாரம் அது சீழ் பிடிக்கும். விடியற்காலையிலோ விளக்கு வைத்த பிறகோ போனால் கல் சுடாது. பங்குனியில் அறுபத்துமூவர் ஊர்வலத்தன்று மாட வீதியில் செருப்போடு நின்று தரிசிப்பதை எந்த நாயன்மாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. விரதத்தில் நோயாளிக்கும் முதியவருக்கும் விலக்கு கொடுத்துப் பழகிய சமூகம், நேர்த்திக்கடன் நடையிலும் அதே விலக்கைக் கொடுக்கலாம்.

மூன்றாவது மறுப்புதான் எனக்குக் கனமாகத் தெரிகிறது. பாதத்தைப் பார்த்துப் பார்த்துப் பராமரிப்பது வசதி உள்ளவர்களின் பேச்சு. ஆழ்வார்பேட்டை அடுக்குமாடியில் இருப்பவருக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும்; அதே கட்டடத்தில் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்து நாள் முழுக்க ஈரத்தில் நிற்கும் பெண்ணுக்கும், கையுறை கிடைத்தாலும் காலுக்கு பூட்ஸ் கிடைக்காத துப்புரவுத் தொழிலாளிக்கும் என்ன சொல்வது? தி.நகர் துணிக்கடைகளில் பத்து மணி நேரம் நின்றே வேலை செய்த பெண்களின் கால் வீக்கம் தனிமனித அக்கறைக் குறைவால் வந்ததில்லை. உட்கார நாற்காலி இல்லாததால் வந்தது. அதற்குத் தீர்வு கிரீம் டப்பாவில் இருந்ததில்லை. கேரளம் 2018இல் இருக்கைக்காகச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்று தனித் திட்டமும் வகுத்தது. இவையெல்லாம் பாதப் பராமரிப்புதான். எனவே இந்த மறுப்பை நான் மறுக்கவில்லை, என் வாதத்தோடு சேர்த்துக்கொள்கிறேன். முறையிடும் வரை கவனிக்க வேண்டியதில்லை என்ற கொள்கையைத் தன் காலிடம் கடைப்பிடிப்பவர்தான், நின்றுகொண்டே வேலை செய்யும் கடைப்பெண்ணிடமும் கடைப்பிடிக்கிறார். அவளும் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் முறையிடுவதில்லை. ஈரத்தில் வேலை செய்பவருக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுப்பதும், நடுவே காலைத் துடைத்துக்கொள்ள நேரம் கொடுப்பதும் வேலை வாங்குகிறவரின் பொறுப்பு.

கடைசி மறுப்பு அறிவியலின் பெயரால் வருவது. தினமும் காலையே பார்த்துக்கொண்டிருந்தால் இல்லாத நோயெல்லாம் இருப்பதாகத் தோன்றாதா? சொல்லிக் கொடுத்தால் புண் குறையும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில்: சொல்லிக் கொடுப்பது மட்டுமே புண்ணையும் கால் இழப்பையும் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றே காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2014இல் முடிவு செய்தது. ஆனால் அமெரிக்காவில் இன்னொரு வகை ஆய்வும் நடந்தது. புண் வரும் அபாயம் உள்ளவர்கள் தினமும் இரண்டு பாதங்களின் சூட்டையும் சிறு கருவியால் அளந்தார்கள். ஒரே இடத்தில் இரண்டு காலுக்கும் சுமார் 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சொன்னார்கள். 2004லும் 2007லும் வெளியான முடிவுகளில் இப்படிச் செய்தவர்களுக்குப் புண் கணிசமாகக் குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் புரிகிறது: அறிவுரைத் தாள் காலைக் காப்பாற்றுவதில்லை, அன்றாடம் செய்யும் ஒரு திட்டமான செயல் காப்பாற்றுகிறது. முதல் கேள்விக்கும் இதிலேயே பதில் உண்டு. பல் விளக்குகிறவர் யாரும் பல் நோய்ப் பயத்தில் வாழ்வதில்லை, விளக்கிவிட்டு மறந்துவிடுகிறார். பழக்கமாகிவிட்ட கவனத்துக்குக் கவலை தேவைப்படுவதில்லை. பார்க்காமல் விட்டவருக்குத்தான், பார்க்கும் அன்றைக்கு மொத்தக் கவலையும் சேர்ந்து வருகிறது.

இவ்வளவு எளிய வேலை ஏன் நடப்பதில்லை? சோம்பல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. காலைப் பற்றி நமக்குள் இரண்டு எண்ணங்கள் உண்டு. கடவுளின் பாதமும் குருவின் பாதமும் வணக்கத்துக்குரியவை. நம்முடைய கால் யார்மேலாவது பட்டுவிட்டால் மன்னிப்புக் கேட்கிறோம். ஒன்று தொழத் தக்கது, மற்றது ஒளிக்கத் தக்கது; பார்க்கத் தக்கதாக எதுவும் மிஞ்சவில்லை. இதனால் அதிகம் பாதிக்கப்படுவது வயதானவர்கள். குனிய முடியாத இடுப்பும் மங்கிய கண்ணும் உள்ளவர் தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாது. தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அதைவிட நல்லது வீட்டில் ஒருவர் பார்ப்பது. 'அம்மா, காலை நீட்டு, பாக்கறேன்' என்றால் 'சீ, காலையெல்லாம் தொடாதே, எனக்கு ஒண்ணும் இல்லே' என்று புடவையை இழுத்து மூடிக்கொள்வார்கள். தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் அதே காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறோம்; மேற்பாதத்தைத் தொட்ட கை உள்ளங்கால் பக்கம் போனதே இல்லை. 'ஒண்ணும் இல்லே' என்ற அந்தப் பதிலை நம்பித்தான் நாம் எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறோம். வேலூரில் பிராண்ட் பார்த்தவர்களும் அதையே உண்மையாகச் சொன்னவர்கள்தான். ஒன்றும் இல்லை என்று சொல்லும் காலைத்தான் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும், ஒன்றும் இல்லை என்று சொல்லும் மனிதரையும் அப்படித்தான். தன் காலைத் தினமும் பார்ப்பதும், பார்க்க முடியாதவரின் காலை வாரம் இரண்டு முறையாவது விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் மரியாதையின் கணக்கில்தான் சேரும். அதற்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை, இன்று ராத்திரி படுக்கப் போகுமுன் தொடங்கலாம்.